ஓடை மணலில் நின்ற வீடு

பூனா வரைக்கும் வண்டி ஓட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய ஒருவன், அருப்புக்கோட்டையிலிருந்து இருபது மைல் கூட இல்லாத மாமனார் ஊருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரத் தெரியாமல் அந்த ஊருக்கே கேடு செய்தான் என்று யாராவது கதை சொன்னால் நம்புங்கள். அந்தப் புண்ணியவான் நான்தான். ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். பரளச்சிக்குக் கிழக்கே இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன். அங்கே உள்ளவர்கள் என்னை முழுசாக மன்னித்தார்களா, பாதிதான் மன்னித்தார்களா என்பது எனக்கு இன்னும் தெரியாது.

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. நாலு வருஷம் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் கரியுமாகக் கிடந்துவிட்டு வந்தவன், அப்பா செய்துகொண்டிருந்த ஆர்மோனியம் ரிப்பேர் தொழிலைக் கையில் எடுத்தேன். கிறிஸ்தவர்களின் வேதக்கோயில்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் யுத்த காலம் பூராவும் யாரும் தொடாமல் கிடந்த ஆர்மோனியங்கள் ஆஸ்துமாக்காரர்கள் மாதிரி இரைந்துகொண்டிருந்தன. ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எல்லோரும் கம்பளியும் பூட்ஸும் ஏலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர, நான் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்து ஓட்டிய வண்டி அது. பின்னால் கதவு, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

அதை நானும் என் மனைவி எஸ்தரும் சேர்ந்து வீடாக்கினோம். சுவரோடு மடித்து வைக்கும் கட்டில், தட்டு முட்டுக்கு ஒரு பலகை, ஆணியில் தொங்கும் கரி அடுப்பு, குழாய் வைத்த தண்ணீர் டின். ஜன்னலுக்கு எஸ்தர் பூப்போட்ட திரை தைத்துப் போட்டாள். ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் பார்ப்பேன். எங்கே இருட்டுகிறதோ அங்கே எங்கள் வீடு. நாசரேத், நாகர்கோவில், மைசூர், பெங்களூர், அப்படியே யாரோ ஒரு துரைசானியின் பெடல் ஆர்கனுக்காகப் பூனா வரை போனோம். பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்க நான் தாலுகா ஆபீஸில் காத்துக் கிடந்த நேரத்தைச் சேர்த்தால் பூனாவுக்கு நடந்தே போயிருக்கலாம். அது வேறு விஷயம். துங்கபத்திரைக் கரையில் வண்டியை நிறுத்தி எஸ்தர் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வைத்துவிட்டு, ‘துங்கபத்திரையில் கருவாடு கொதிக்க வைத்த முதல் பரளச்சிப் பக்கத்துப் பெண் நானாகத்தான் இருப்பேன்’ என்று அவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள்.

அந்தக் கடிதங்களை மாமா, அதாவது எஸ்தர் ‘எங்கய்யா’ என்று சொல்கிற அவள் அப்பா ஞானமுத்து, ஊர் வேதக்கோயில் உபதேசியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு முறை இல்லையாம், மூன்று முறை. மானாவாரிக் காட்டில் கம்பும் வரகும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிற மனிதர் அவர். மதுரையைத் தாண்டிப் போனதில்லை. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலுமாக அங்கே போயிருந்தபோது, புறப்படும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

“மாப்பிள்ளை, அந்த வண்டிய ஒரு தடவ நம்ம ஊருக்குக் கொண்டாங்க. நாலு பேரு பாக்கட்டும்.”

அது போதாதா எனக்கு. கூப்பனைச் சேர்த்து வைத்து, மாசி மாதம் ஒரு காலையில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பினோம்.

இந்த இடத்தில் என் கோலத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டிக்கு நான் வேறு சாயம் அடிக்கவில்லை. எஸ்தர் நீலம் அடிக்கச் சொல்லி ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பட்டாளத்துப் பச்சையைப் பார்த்ததும் வழியில் உள்ள போலீஸ்காரர்கள் எனக்குச் சலாம் வைப்பார்கள். ஒரு ஆர்மோனியம் ரிப்பேர்க்காரனுக்கு வேறு எந்த வகையில் சலாம் கிடைக்கும்? வண்டிக்குப் பொருத்தமாக நானும் காக்கி நிஜார், காக்கிச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலையில் கவிழ்த்த கூடை மாதிரி ஒரு வெயில் தொப்பி என்று உட்கார்ந்திருப்பேன். கழுத்தில் ஏலத்தில் எடுத்த தூரதிருஷ்டிக் கண்ணாடி வேறு. (எதைப் பார்க்க என்று எஸ்தர் கேட்டாள். பார்க்க அல்ல, பார்க்கப்பட.)

பரளச்சியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். காப்பிக்கடைப் பலகையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்தார்.

“ஐயா எங்கிட்டுப் போறாக?”

நான் மாமனார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை. அதோடு இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் ‘ஐயா’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பத்திரிகைத் தமிழில் ஆரம்பித்தேன்.

“கிழக்கே உள்ள கிராமத்திற்கு. அங்கே இவ்வாண்டு விளைச்சல் எவ்வாறு?”

“என்னத்த வெளைச்சல் ஐயா. கம்பு பூராஞ் சாவியாப் போச்சு.”

“வீட்டிற்கு எத்தனை மூட்டை இருக்கும்?”

அவர் முகம் மாறியது. நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அவரை ஏற இறங்கப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டேன். (நாசரேத் ஆர்மோனியத்துக்கு இரண்டு ரீடு, ஒரு துருத்தித் தோல் என்று எழுதினேன். நோட்டு இன்னும் இருக்கிறது.) தலை நிமிர்ந்தபோது அவரைக் காணோம். காப்பிக்கடைக்குப் பின்னால் கரிசல் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஒரு வெள்ளைத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாடெங்கும் தானியத் தட்டுப்பாடு. அறுவடை முடிந்ததும் அரசாங்கத்து ஆட்கள் ஜீப்பிலும் வேனிலும் ஊர் ஊராக வந்து, வீட்டில் இருக்கும் தவசத்தைக் கணக்கெடுத்து, சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தை விலை போட்டு எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு என்பதில் ஆபீசருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒருபோதும் ஒத்துப்போகாது. ஆகவே ஆபீசர் வருகிறார் என்றால் மூட்டைகள் மறைந்துவிடும். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வேடிக்கை செய்தேன்.

பின்னால் படுத்திருந்த எஸ்தர் சிறு ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

“என்னங்க இது பேச்சு? அவுக என்ன நெனைப்பாக?”

“சும்மா விளையாட்டுக்கு.”

“ஓடுறது எங்க ஊரு சண்முகம் மாதிரி இருக்கு.”

“போகட்டும். போய் நின்றதும் தொப்பியைக் கழற்றினால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள்” என்றேன்.

போய் நின்றால்தானே. ஒற்றையடிப் பாதையில் இரண்டு மைல். வண்டிப் பாதை சுற்றிக்கொண்டு நாலு மைல். ஊருக்கு அரை மைல் இருக்கும்போது ஒரு ஓடை குறுக்கே வரும். தண்ணீர் இல்லாத ஓடை, வெறும் மணல். மாட்டு வண்டிகள் தினமும் தாண்டுகிற இடம்தான். பூனா வழியில் மலை ஏறிய எனக்கு இது ஒரு ஓடையா என்று வேகத்தைக் குறைக்காமல் இறக்கினேன். நடு ஓடையில் பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன.

எஸ்தர் இறங்கிப் பார்த்தாள்.

“வாங்க, நடந்து போயிருவோம். எங்கய்யா மாடு பூட்டிக் கொண்டாந்து இழுத்து விடுவாக.”

நல்ல யோசனை. ஆகவே நான் மறுத்தேன். மாமாவும் நாலு பேரும் பார்க்க வேண்டியது கம்பீரமாக உள்ளே வருகிற வண்டியை. மாடு இழுத்து வருகிற வண்டியை அல்ல. “கொஞ்சம் இரு, பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவேன்” என்றேன். அந்தப் பத்து நிமிஷம் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது.

பனை ஓலை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். ஓலை புதைந்தது. கல் போட்டேன். கல்லும் புதைந்தது. பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் கற்ற வித்தை எல்லாம் ஒவ்வொன்றாக மணலுக்குள் போயிற்று. பிறகு யாராவது தள்ளுவதற்கு வரட்டும் என்று ஹாரனை அடித்தேன். எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் அதற்கு. அடித்ததும் கரை மேல் பருத்திச் செடிகளுக்கு மேலே மூன்று தலைகள் தெரிந்தன. நான் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். மூன்றும் மறைந்தன. மறுபடி அடித்தேன். அடிக்க அடிக்க, தூரத்தில் யாரோ யாருக்கோ குரல் கொடுப்பதும் மனிதர்கள் காட்டுக்குள் ஓடுவதும் தெரிந்தது.

வண்டிக் கூரை மேல் ஏறி நின்று, தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஊர்ப் பக்கம் திருப்பினேன். பெண்கள் பானைகளைச் சுமந்துகொண்டு வீட்டுப் பின்பக்கம் போகிறார்கள். ஆண்கள் முதுகில் எதையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

“எஸ்தர், உங்கள் ஊரே பரபரவென்று இருக்கிறது. விருந்து பலமாக இருக்கும் போல” என்று கூரையிலிருந்து சொன்னேன்.

அவளும் ஏறி வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எங்கய்யா ஓடுறாக” என்றாள்.

“அதுதான் சொன்னேன்.”

“அவுகளுக்கு முழங்கால் வலி. விருந்துக்கெல்லாம் ஓட மாட்டாக. முதுகுல மூட்டை இருக்கு.” கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். “ஒங்கள ஆபீசர்னு நெனைச்சுத் தவசத்த ஒளிக்கிறாக. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

அப்போது அவளைப் போகவிட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ முதலில் போய்ச் சொல்லிவிட்டால் வேடிக்கையே போய்விடும், ஒளித்தால் என்ன, பிறகு அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளத்தானே போகிறார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிடும், இரண்டு பேருமாகப் போய் இறங்குவோம் என்று என்னென்னவோ பேசினேன். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். அவள் அப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பாள். மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊர்க்காரர்கள் பக்கம் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஊருக்குத் தெற்கே தண்ணீர் வற்றிய பழைய கிணறு ஒன்று. மூட்டைகளை அதற்குள் இறக்கி, மேலே கம்பந்தட்டையைப் பரப்பி மூடிவிட்டார்கள். ஆபீசர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஆனால் அந்த ஆபீசரோ ஊருக்குள் வரவும் இல்லை, போகவும் இல்லை. ஓடையில் வண்டியை நிறுத்தி, கூரை மேல் ஏறி நின்று கண்ணாடி வைத்து ஊரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடு நடுவே ஹாரன் வேறு அடிக்கிறார். இப்படி ஒரு தந்திரக்கார ஆபீசரை அவர்கள் பார்த்ததே இல்லை. மூட்டையை வெளியே எடுக்கட்டும் என்றுதான் காத்திருக்கிறார் என்று முடிவு செய்து, ஒருவரும் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

மத்தியானம் மேற்கே கருத்தது. மாசியில் அங்கே மழை பெய்வது அபூர்வம். அன்றைக்குப் பெய்தது. சும்மா தூறல் இல்லை, கரிசல் காடு வாய் திறந்து குடித்துத் தீராத மழை. நான் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பில் காப்பி போட்டேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில், ‘வீட்டுக்குள் உட்கார்ந்து ஊரையே சுற்றிப் பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்’ என்று கூடச் சொன்னேன். எஸ்தர் தன் காப்பியைத் தொடவில்லை. ஆறிப்போய் ஆடை படிந்தது. “எங்க போட்டிருப்பாக” என்று ஒரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவ்வளவுதான்.

மழை விட்டதும் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். கரிசல் மண் காலில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு ஆர்மோனியம் கனம் கனத்தது. தொப்பி நனைந்து, ஊறிய அப்பளமாகக் காதுக்கு மேல் தொங்கியது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. நாலு பக்கத்து மழைத் தண்ணீரும் பள்ளத்தைத் தேடி அந்தக் கிணற்றுக்குள்தான் இறங்கியிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த ஆளுக்கு இடுப்பு வரை சேறு. அது மாமா. எங்களைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“வாங்க மாப்பிள்ளை. வாம்மா. இந்த மழையில எதுல வந்தீக?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஓடையில ஒரு ஆபீசரு வண்டி நிக்குமே, பாத்தீகளா? அவரு போயிட்டாரா?”

நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது இனிமேல்தான் வருகிறது. தொப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“போயிட்டாரு மாமா” என்றேன்.

கூட்டத்திலிருந்து சண்முகம் என்னைப் பார்த்தார். என் நிஜாரைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன் எஸ்தர் சொன்னாள்.

“ஆபீசருன்னு யாரும் வரலய்யா. அது இவுகதான். நம்ம வண்டிதான் அது.”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓடை இருக்கும் திசையை ஒரு முறை பார்த்தார். “நம்ம வண்டியா” என்றார். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்தான் கடைசியில் பேசினாள்.

“சரி, பேசிக்கிட்டு நின்னா தவசம் காயுமா? எறங்கச் சொல்லுங்க அவுகளையும்.”

இறங்கினேன். பொழுது சாயும் வரை சேற்றுக்குள் நின்று மூட்டைக்குக் கயிறு கட்டினேன். தண்ணீர் குடித்த கம்பு மூட்டையின் கனம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டாம். பதினோரு வீட்டுக் கம்பும் வரகும் குதிரைவாலியும். வேதக்கோயில் தரை ஒன்றுதான் ஊரிலேயே காரை போட்ட தரை. உபதேசியார் பாய்களைச் சுருட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். எல்லா வீட்டுத் தவசத்தையும் அங்கேயும், சேலைகளிலும், பாய்களிலும் பரப்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மரத்தடியில் நடந்தது. உள்ளே கம்பு படுத்திருந்தது.

வெயில் இல்லை. மூன்று நாள் மூட்டமாகவே இருந்தது. வரகும் குதிரைவாலியும் தோல் தடித்தவை, ஓரளவு பிழைத்தன. கம்பு முளைத்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் வேதக்கோயில் கதவைத் திறந்தபோது தரை முழுக்க வெள்ளை வெள்ளையாய் முளை விட்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வண்டியை ஊர்க்காரர்கள்தான் மூன்று ஜோடி மாடு பூட்டி வெளியே இழுத்தார்கள். மாமா முதல் ஜோடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கரை ஏறியதும் பின் கதவைத் திறந்து, கட்டிலையும் திரையையும் அடுப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் பந்தல்குடியில் ஒரு லாரிக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டேன். விற்கச் சொல்லி எஸ்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நான் விற்கப் போகிறேன் என்றதும், எழுந்துபோய்த் திரைச்சீலைகளைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டாள். கிடைத்த பணத்துக்கெல்லாம் சோளம் வாங்கி மாட்டு வண்டியில் ஊருக்கு அனுப்பினோம். அந்தச் சோளம் எல்லா வீட்டுக்கும் கோடை முழுதும் போதவில்லை.

பங்குனிக் கடைசியில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு புஞ்சையில் பெண்கள் வரிசையாகப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்குப் பருத்தி எடுப்பது எங்கள் பக்கத்தில் பெண்கள் வேலை. வரிசையின் நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒரே ஒரு ஆண். மடியில் பருத்தி கட்டியிருந்தார். மாமாதான்.

நான் வேறு பக்கமாகப் போயிருப்பேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நிமிர்ந்து நின்று, பக்கத்துப் பெண்களிடம் சத்தமாகச் சொன்னார்:

“எங்க மாப்பிள்ளை. எந்த மிசினக் கொடுத்தாலும் பிரிச்சுப் பூட்டிருவாக.”

அவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தார்கள். சலாம் வேண்டும் வேண்டும் என்று அலைந்தவனுக்கு, வேண்டாத இடத்தில் கிடைத்தது. நான் ஆர்மோனியத்தை இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் வரை அவர் பக்கத்தில் நின்று பருத்தி எடுத்தேன். செடியிலிருந்து சுளை சிதறாமல் எடுப்பது எப்படி என்று ஒரு முறை செய்து காட்டினார். எனக்கு வரவில்லை.

அந்தக் கோடையில் ஊரே முளைத்த கம்பைக் காயவைத்து இடித்துத்தான் கஞ்சி காய்ச்சியது. எத்தனை முறை கழுவினாலும் அந்தச் சேற்று வாடை போகாதாம். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்குமாம். அதற்கு யாரோ ‘மாப்பிள்ளைக் கஞ்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்கும் பேரன் பேத்தி வந்துவிட்டது. இன்றைக்கும் எஸ்தர் வீட்டார் எந்த ஊரில் இருந்தாலும் சோறு குழைந்தாலோ குழம்பு ஊசிப்போனாலோ, “என்ன, இன்னைக்கு மாப்பிள்ளைக் கஞ்சியா?” என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீடுகளில் என் இலைக்கு நேராகவே கேட்பார்கள். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், எனக்கு வேறு வழி ஏது?

எஸ்தர் மட்டும் இதுவரை ஒரு தடவைகூட அதற்குச் சிரித்ததில்லை. அந்தப் பேச்சு எடுத்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். திரும்பி வரும்போது அவள் கையில் யாருக்காவது பரிமாற ஏதாவது இருக்கும்.